நகத்தால் தீட்டிய மெருகு

பழைய மின்கிற்றார் ஒன்றை மலிவு விலைக்கு வாங்கிய இளைஞன் முதலிற் காண்பது அதன் ஒலிக் குற்றத்தை அன்று, மேனிக் குற்றத்தையே. பூச்சு உரிந்திருக்கும். முழங்கை உராய்ந்த இடத்தில் மரம் வெளுத்திருக்கும். பட்டறையிற் கொடுத்துப் புதுப்பிப்பதாயின் கூலி வாத்தியத்தின் விலையையும் மிஞ்சிவிடும். எனவே அவன் விறாந்தையில் ஒரு பழந்துணியை விரித்து, அரத்தாளால் பழைய பூச்சைத் தேய்த்து நீக்கத் தொடங்குகிறான். கையில் அதிகப் பணம் இல்லை. வேலைத்தலமோ வீடு. மரத்துக்கு மாத்திரம் கண்ணைப் பறிக்கும் மெருகு வேண்டும். இது மின்கிற்றாரோடு பிறந்த சிக்கல் அன்று. இலங்கையின் மலைநாட்டிலே, கண்டி மன்னர் காலத்திலேயே, இதற்கு விடை கண்டவர்கள் இருந்தனர். மாத்தளை மாவட்டத்து ஹப்புவிடக் கிராமத்துக் கைவினைஞரே அவர்கள். அவர்களுடைய பூச்சு அரக்கு.

இச்சொல்லை மாத்தளையிலே சற்று எச்சரிக்கையுடன் வழங்கவேண்டும். தமிழர் அரக்கு என்றால் பிசின். சிங்களவர் காதில் அதே ஒலி சாராயத்தைக் குறிக்கும். பிசினை அவர்கள் ‘லாகட’ என்பர். வடமொழியில் அது ‘லாக்ஷா’. இலட்சம் என்னும் எண்ணோடு இப்பெயரை இணைத்துச் சொல்வோரும் உளர். மரக்கிளையில் அப்பூச்சிகள் மொய்த்திருக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு அந்த இணைப்புப் பொருத்தமற்றதாகத் தோன்றாது. தமிழருக்கு அரக்கு என்றவுடன் நினைவுக்கு வருவது பாண்டவரை எரிக்கச் சமைத்த அரக்கு மாளிகையே. ஆனால் எரிவது அதன் ஒரு குணம் மட்டுமே. சூட்டில் இளகி, ஆறினால் இறுகி, மீண்டும் சூடு பட்டால் மறுபடியும் இளகுவது அதன் மற்றைய குணம். ஹப்புவிடக் கலை முழுவதும் இந்த இரண்டாவது குணத்தின்மேல் நிற்கிறது.

அரக்கு மரத்தின் பாலன்று. மிகச் சிறிய ஒரு பூச்சி இளங்கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சித் தன்னைச் சுற்றிச் சுரக்கும் போர்வை அது. கிளையோடு ஒடித்தெடுப்பதைக் கொம்பரக்கு என்பது பழைய தமிழ் வழக்கு. இந்தியாவில் புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களில் இப்பூச்சி வளர்க்கப்படுகிறது. இலங்கையில் பூவ மரத்தைச் சிங்களத்தில் ‘கோன்’ என்பர். அதைவிட இங்கே பெயர்பெற்றது ‘கெப்பெட்டியா’ என்னும் சிறு மரம். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் இம்மரத்துக்கு ‘குரோட்டன் லக்சிபர்’ என்று பெயரிட்டார். பின்சொல்லின் பொருள் அரக்கைச் சுமப்பது. கிராமத்தவர் அறிந்த செய்தி இவ்வாறு உலகத் தாவரநூலிலும் பதிவாயிற்று.

கொம்பரக்கை இடித்துக் குச்சி நீக்கிக் கழுவினால் சிவப்புச் சாயம் நீரோடு போய்விடும். எஞ்சுவது மணிமணியான பிசின். அதை நீண்ட துணிப்பையில் இட்டுக் கரிநெருப்பின் முன்னே காட்டி முறுக்குவார்கள். உருகிய அரக்கு துணியின் இழைகளினூடே கசியும். அதை வழித்தெடுத்து, இழுத்து மடித்து, மீண்டும் இழுத்து மடித்து, நிறம் வெளிறும்வரை பிசைவார்கள். பின்னர் கல்லின்மேல் வைத்து அடித்து வண்ணப் பொடியை ஏற்றுவார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம், கறுப்புக்கு விளக்குக் கரி. வண்ணங்கள் நான்குதான். கண்டிக் காலத்து அரக்குப் பொருள்களின் கம்பீரம் பெரும்பாலும் இந்த நான்கின் கட்டுப்பாட்டிலே பிறந்தது. சாயக்கடையில் நாற்பது நிறம் கிடைத்திருந்தால் அந்த அழகு நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

தென்னிலங்கையில், குறிப்பாக அங்கல்மடுவை போன்ற ஊர்களில், கடைசல் முறையே வழக்கு. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அது உருகி மரத்தில் ஏறும். தமிழகத்து அம்பாசமுத்திரத்தில் கடைந்தெடுக்கும் சிறுமியர் சொப்புகளுக்கு நிறமேற்றுவதும் இந்த வழியிலேதான். ஹப்புவிடவின் வழி வேறு. அதன் பெயர் ‘நியபொத்து வெட’, நக வேலை. முதலிற் பொருளைச் சூடாக்கி அடிநிறத்தைப் பூசுவார்கள். பிறகு வண்ண அரக்கைச் சூட்டில் இளக்கி, தலைமயிர்போல மெல்லிய நூலாக இழுப்பார்கள். அந்த நூலைச் சூடான மேனியில் ஒட்டி, வேண்டிய இடத்திற் பெருவிரல் நகத்தால் அழுத்தித் துண்டிப்பார்கள். கோடு, புள்ளி, முக்கோணம், இதழ், கயிற்று முறுக்கு யாவும் இவ்வாறே அமையும். இறுதியிற் பொருளை மீண்டும் அனலிற் காட்டி, ஓலைக் கீற்றை அதன்மேல் இறுக இழுப்பார்கள். ஓலையின் மழமழப்பு அரக்கில் ஏறும், மேனி கண்ணாடியாகும்.

ஒரு கரிச்சட்டி, ஒரு கல், ஓர் ஓலை, ஒரு நகம். கருவிகளின் பட்டியல் ஏறத்தாழ இதனோடு முடிந்துவிடுகிறது. தூரிகையும் இல்லை; கரைப்பானும் இல்லை; உலரும்வரை நாட்கணக்கிற் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, குறைந்த செலவில், மரத்தை அணிசெய்யும் முறை இதனினும் எளிதாக இருத்தல் அரிது. எளிது என்றது கருவியை மாத்திரமே. சூடு சற்றுக் கூடினால் நூல் வழிந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. அந்த இடைவெளியை அறியும் விரல் பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது.

இவ்வேலை செய்தோரை ‘ஈ-வடுவோ’, அதாவது அம்பு செய்வோர், என்று அழைத்தனர். அம்புத்தண்டையும் வேற்காம்பையும் ஒப்பனை செய்ததே அவர்களுடைய தொழிலின் தோற்றம் என்பதை அப்பெயர் காட்டுகிறது. ஆலவட்டக் காம்பு, கைத்தடி, ஓலைச்சுவடியின் மரச்சட்டம், சிறு செப்புகள் என அவர்களின் கைபட்டவை பல. மாத்தளை நகருக்கு அருகேயுள்ள அலுவிகாரையிலேதான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திருமறை ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஏட்டுக்கு இத்தகைய பெருமை வாய்ந்த மண்ணில், ஏட்டைக் காக்கும் சட்டத்துக்கு அழகூட்டும் கலையும் வளர்ந்தது இயல்பே.

அந்நாளில் இக்கைவினைஞர் விலைக்கு விற்று வாழ்ந்தவர்கள் அல்லர். அரசனுக்கோ கோயிலுக்கோ பிரபுவுக்கோ உரிய நிலத்தை அனுபவித்து, அதற்கீடாகத் தம் தொழிலை இராசகாரியமாகச் செலுத்தினர். இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று புகழ்வோரும் உளர். அடிமைத்தனம் என்று இகழ்வோரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. விருப்பமில்லாதவனையும் அது வேலையிற் கட்டிவைத்தது. ஆனால் நூலிழுப்பதற்கு வேண்டிய நிதானத்தையும் அதுவே கொடுத்தது. ஏனெனில் அவனுடைய சோறு சந்தையிலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் கோல்புறூக் குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களிற் சேவை முறை நீடித்தபோதிலும், 1870ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேவையைப் பணமாகச் செலுத்தவும் வழிசெய்தது. மாத்தளைக் குன்றுகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1848இல் மாத்தளையிற் கிளர்ச்சி எழுந்து கடுமையாக அடக்கப்பட்டபோது அலுவிகாரையின் ஏடுகளும் பேரழிவுக்குள்ளாயின. வேல் ஏந்த ஆளில்லை, ஆலவட்டம் பிடிக்க அரசனில்லை. அரக்கு நூல் மட்டும் எவருக்காக இழுக்கப்பட வேண்டும்?

இந்நிலையிலே இக்கலையைக் கண்ணுற்று எழுதிவைத்தவர் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் தலைவராகப் பணியாற்றினார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர் கைவினைஞரின் குடிசைகளைக் கண்டார். அவர் 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் அரக்கு வேலைக்கும் இடமளித்தார். சேவை நிலமும் ஆதரவும் குலைந்தமையே கலையின் தேய்வுக்குக் காரணம் என்பது அவருடைய வாதம்.

அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியிலே கிராமபோன் பெட்டியைக் கண்டித்து ஒரு கட்டுரை உண்டு. பொறி பாடினால் மனிதன் பாடுவதை நிறுத்திவிடுவான் என்ற அச்சம் அவருக்கு. இதில் ஒரு வேடிக்கை அடங்கியிருக்கிறது. அந்நாளைய இசைத்தட்டுகள் கற்பொடியையும் பிற சரக்கையும் அரக்கினாற் பிணைத்து வார்க்கப்பட்டவை. ஹப்புவிடவில் வேற்காம்பை அழகுசெய்த அதே பூச்சியின் சுரப்புத்தான், அவர் வெறுத்த தட்டிலும் இருந்தது! 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கிய பின்னர் பல ஆண்டுகளாக நேயர்கள் கேட்ட தட்டிசை யாவும் அரக்கின்மேல் ஊசி ஓடிப் பிறந்த இசையே. 1948இல் அமெரிக்காவில் நெடுநேர வினைல் தட்டு வெளியானபின் அரக்குத் தட்டுகள் படிப்படியாக மறைந்தன.

இசைத்தட்டை விட்டகன்ற அரக்கு இசைக்கருவியை விட்டு அகலவில்லை. பிசினைத் தகடாக நீட்டி உடைத்த அவலரக்கை மதுசாரத்தில் ஊறவைத்தால் கரைந்து தேன்போலாகும். பஞ்சை உள்ளடக்கிய துணிப்பொதியில் அதனைத் தோய்த்து, துளியெண்ணெய் தொட்டு, வட்ட வட்டமாக மரத்தில் தேய்ப்பதைப் பிரெஞ்சு மெருகு என்பர். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிற் பரவிய அம்முறை, நரம்புக் கிற்றார்களுக்கு இன்றும் உயர்ந்த மெருகாக மதிக்கப்படுகிறது.

மின்கிற்றாரின் மேனி வேறு வழியாக வந்தது. 1920களின் முற்பகுதியில் டூபொன் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கென விரைவில் உலரும் நைத்திரோசெலுலோசுப் பூச்சை வெளியிட்டது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. 1950இல் பெண்டர் நிறுவனம் திண்ணுடற் கிற்றாரையும், 1952இல் கிப்சன் நிறுவனம் பொன்னிற லெஸ் போல் கிற்றாரையும் சந்தைக்கு அனுப்பியபோது, இந்த வகைப் பூச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெண்டர் கிற்றார்களின் சிறப்பு நிறங்கள் பல மோட்டார் வண்டி நிறங்களே. இலங்கையில் 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவினரும் சிங்கள மெல்லிசைக்கு மின்கிற்றாரை அறிமுகப்படுத்தினர். அக்கருவி அதன்பின் ஊர்தோறும் பரவியது.

ஹப்புவிடவில் நூலிழுப்பவர்கள் இன்றும் உளர்; ஆனால் அவர்கள் சில குடும்பத்தவரே. கைத்தடியும் செப்பும் கடதாசி வெட்டும் கத்தியும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படுகின்றன. 1964இல் தொடங்கிய ‘லக்சல’ போன்ற அரசாங்க விற்பனை நிலையங்கள் ஓரளவு சந்தை தந்தன. ஆயினும் நாட்கணக்கில் நகத்தாற் செய்த பொருளுக்கும், யந்திரத்திற் கடைந்து எனாமல் தெளித்த பொருளுக்கும் வாங்குவோன் ஒரே விலையைச் சொல்லும்போது மகன் தந்தையின் கரிச்சட்டியருகே உட்கார மாட்டான். அவனைக் குறைகூறுவதும் நியாயமன்று.

பழமையைப் போற்றுவோர் எளிதில் மறக்கும் செய்தி ஒன்றும் உண்டு. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. அரிதாரமோ ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. அனலின் முன்னமர்ந்து இவற்றைப் பிசைந்த விரல்கள் நஞ்சைப் பிசைந்தன. பாதுகாப்பான வண்ணங்களுக்கு மாறுவதைக் கலையின் வீழ்ச்சி என்பது, கலைஞனைவிடக் கலைப்பொருளை நேசிப்பவரின் பேச்சாகும்.

விறாந்தையில் அரத்தாளுடன் இருக்கும் இளைஞனுக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் பயன் சிறிதன்று. வாத்தியத்தின் கம்பிகளையும் மின்னுறுப்புகளையும் கழற்றிவைத்து, மரத்தின் இழை ஓடும் திசையிலே தேய்த்து, தூசியைத் துடைத்தபின், மெல்லிய அவலரக்குக் கரைசலை முதற்பூச்சாக இடலாம். பழைய எண்ணெய்க் கறை மேலெழாமல் அது தடுக்கும். மேலே இடும் பெரும்பாலான பூச்சுகள் அதனோடு ஒட்டும். பொறுமையுள்ளவன் வேறு பூச்சின்றி அரக்கையே பல படையாக ஏற்றி முடித்துவிடலாம். மதுசார ஆவி நெருப்பைப் பற்றுமாதலால் அடுப்பையும் விளக்கையும் அப்புறப்படுத்தல் வேண்டும்; அரக்கு மாளிகைக் கதை இங்கே பொருந்தும். பழைய பூச்சின் தூளில் ஈயம் போன்ற நஞ்சு இருக்கக்கூடுமாதலின் மூக்கை மூடிக்கொள்வதும் வேண்டும்.

இக்காலத் தொழிற்சாலைகள் தெளிக்கும் பொலியுறித்தேன் கடினமானது, நீருக்கும் வியர்வைக்கும் அஞ்சாதது. ஆனால் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. அதில் விழுந்த வெடிப்பைச் செவ்வனே மறைப்பது அரிது. அரக்கு மென்மையானது, கீறும், சூட்டில் வெளுக்கும். எனினும் புதிய படை பழைய படையைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஹப்புவிடக் கைத்தடியில் நூல் பெயர்ந்தால் கைவினைஞன் அதை அனலிற் காட்டி, புது நூலை நகத்தால் அழுத்தி, ஓலையால் இழுத்துவிடுவான். கிற்றார்க்காரனுக்கு அனல் வேண்டியதில்லை. துணிப்பொதியும் சிறிது மதுசாரமும் போதும். ஆனால் மாத்தளைக் கொண்டாட்டமொன்றில் எவரேனும் சாராயக் கிண்ணத்தை அந்தக் கிற்றாரின்மேல் வைத்துவிட்டால், ‘அரக்கு’ அரக்கைக் கரைத்து வட்டமொன்று பதித்துவிடும். மறுநாள் காலையில் அவன் மீண்டும் துணிப்பொதியை எடுக்க வேண்டியதுதான்.