ஓய்வுபெற்றவர் அல்லர்

சென்ற மாதம் வத்தளை, ஹெந்தளைப் பக்கத்தில் ஒரு மரணவீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் எனக்கு முப்பது ஆண்டுகாலப் பழக்கம். நான் பத்திரிகைக்காரன் என்பதால் மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் இலகுவாக முடிந்தன. தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. "ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எண்டு போடுங்கோ அங்கிள்" என்றான் மகன். ஆனால் அவர் ஓய்வுபெறவில்லை. 1980 ஜூலையில் வேலை இழந்த பல்லாயிரம் அரசாங்க ஊழியர்களில் அவரும் ஒருவர்.

இன்றைய இளைய வாசகர்கள் பலருக்கு அந்த ஜூலை தெரியாது. ஜூலை என்றதும் எமக்கு 1983தான் நினைவுக்கு வரும். அதில் வியப்பில்லை. எனினும் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி ஒரே கட்டளையால் வீதிக்கு வந்தவர்களின் கதை வேறு.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. கடைகளில் பொருட்கள் நிறைந்தன, விலைகளும் ஏறின. மாதச் சம்பளக்காரன் திண்டாடினான். 300 ரூபா சம்பள உயர்வும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபாவும் தொழிற்சங்கங்களின் கோரிக்கை. 1980 ஜூனில் நடந்த மறியலின்போது சோமபால என்ற ஊழியர் தாக்குதலில் உயிரிழந்தார். இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையில் மூண்ட பிணக்கு பொது வேலைநிறுத்தமாக விரிந்தது. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தி, பணிக்கு வராதோர் தமது பதவியை வறிதாக்கியவர்களாகக் கருதப்படுவர் என்று அறிவித்தது. ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர் என்பதே பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

"பதவியை வறிதாக்கியவர்." இந்தச் சொற்றொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எவரும் எவரையும் நீக்கவில்லை. நீயாகவே எழுந்து போய்விட்டாய் என்பது இதன் பொருள். நீக்கப்பட்டவனுக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் இருப்பான். தானே போனவனாகக் கணிக்கப்பட்டவன் எவரைக் கோபிப்பது? அந்தக் கோபம் உள்ளே திரும்பியது. வேலை இழந்தவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டனர். மற்றவர்களில் சிலர் நடைபாதையில் கடை விரித்தனர். சிலர் மத்திய கிழக்குக்குப் போயினர். காலப்போக்கில் ஒரு பகுதியினர் மீளச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

எங்கள் நண்பர் பதினான்கு ஆண்டுகள் சேவை செய்தவர். ஒரு நாள் பிந்திப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. வேலை போன பின்னர் ஏறக்குறைய ஓராண்டு காலம், தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, நீர்கொழும்பு வீதியில் 240ஆம் இலக்க பஸ் ஏறிக் கோட்டைக்குப் போவாராம். அங்கே புகையிரத நிலைய வாங்கில் இருந்துவிட்டு மாலையில் திரும்புவார். ஊரிலிருந்து வந்து அவர்களுடன் தங்கியிருந்த தாயாருக்குச் செய்தி தெரியக்கூடாதாம். "அம்மாவுக்குத் தெரியும் தம்பி. தெரியாத மாதிரிச் சோறு கட்டித் தந்தவ" என்று பின்னொரு நாளில் என்னிடம் சொன்னார்.

இதை அவர் சொன்னபோது எனக்கு மரியென்தால் ஞாபகம் வந்தது. வியன்னாவுக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரின் நெசவாலை 1929-30 அளவில் மூடப்பட்டு, ஊரே வேலையற்றுப் போயிற்று. மரீ யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கு தங்கி அவதானித்தவற்றை 1933இல் நூலாக வெளியிட்டனர். ஆண்களின் நடை தளர்ந்துவிட்டது. வீதியில் அடிக்கடி நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்தும் ஊர் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட புத்தகங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. வேலை என்பது சம்பளம் மட்டுமன்று, நாளுக்கு ஓர் உருவத்தைக் கொடுப்பது என்று யஹோடா பின்னாளில் விரித்து எழுதினார். எங்கள் நண்பர் பஸ் ஏறிப் போனது பொய் வேடமன்று, நாளை உடையவிடாமல் பிடித்திருந்த கயிறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. எந்தப் பத்திரிகை என்பது இங்கு வேண்டாம். இருபத்திரண்டு ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்த பின்னர், நான் "சுயவிருப்பின் பேரில்" விலகுவதாக அவர்களே தட்டச்சுச் செய்த தாளில் கையொப்பமிட்டேன். ஆறு மாதங்கள் நான் எந்தப் பத்திரிகையையும் விரித்துப் பார்க்கவில்லை. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் திருத்தக் கை துடிக்கும். திருத்த மேசை இல்லை. அந்நாட்களில் என்னைத் தேடி வந்தவர் இவர்தான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "விலகினன் எண்டு சொல்லாதையும். விலத்தினவங்கள் எண்டு சொல்லும்" என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு அதைச் சொல்லும் தகுதி இருந்தது. ஜூலை வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சிங்களத்தில் "ஜூலி வர்ஜகயோ" என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரோடு பல ஆண்டுகள் கூட்டம் கூடினார்கள், மனுக் கொடுத்தார்கள். தனியே வீட்டுக்கு அனுப்பப்பட்ட எனக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை, கூட்டமும் இல்லை.

அவருக்கு முன்னோடிகளும் இருந்தனர். 1947 வேலைநிறுத்தத்தின்போது கொழும்பில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர் கந்தசாமி என்ற எழுதுவினைஞர். எழுதுவினைஞர் சங்கத் தலைவர் ரி.பி. இலங்கரத்ன அவ்வாண்டு அரச சேவையிலிருந்து நீக்கப்பட்டு, மறு ஆண்டே கண்டியில் பாராளுமன்ற உறுப்பினரானார். பின்னர் அமைச்சராகி மக்கள் வங்கியை உருவாக்கினார். விவசாயத் திணைக்களத்தில் இருந்த பாலா தம்பு அதே ஆண்டில் வேலை இழந்து, 1948 முதல் 2014இல் மறையும்வரை வர்த்தக ஊழியர் சங்கமொன்றின் பொதுச் செயலாளராக இருந்தார். எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லைதான்.

தமிழகத்திலும் 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களை நீக்கியது. உச்ச நீதிமன்றம் தலையிட்டபின், நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்துப் பெரும்பான்மையோர் பணிக்குத் திரும்பினர். சம்பளம் மீண்டது. அந்தக் கடிதத்தை எழுதிய கை என்ன பட்டிருக்கும் என்பதை எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அச்செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். "பிள்ளைகள் சின்னனாய் இருந்தால் நானும் எழுதியிருப்பன்" என்றார் பிறகு.

மரணவீட்டில் நானும் மகனும் இழுபட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு உள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். "அவர் ஓய்வுபெறேல்லை. பொய் எழுத வேண்டாம். எண்பதாம் ஆண்டு ஜூலை வேலைநிறுத்தக்காரர் எண்டு போடுங்கோ" என்றார்.

விளம்பரப் பகுதியில் இருந்த பிள்ளை, "இப்படி ஒரு பதவி இருக்கா சேர்?" என்று கேட்டது. இருக்கிறது, அப்படியே போடும்படி சொன்னேன்.