செவிக்கு ஏற்ற கருவி



வானொலிப் பேச்சு முற்றிலும் செவியை நம்பியது. பேசுபவரின் உதட்டசைவும் முகக்குறிப்பும் இங்கே துணைக்கு வருவதில்லை. ஆதலின், செவிப்புலன் குன்றுவதன் துயரத்தை வானொலி நேயர் எளிதில் உணர்வர். வீட்டிலுள்ள முதியவர் ஒலியைக் கூட்டச் சொல்கிறார். கூட்டிய பின்னரும், "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்கிறார். இக்குறைக்கு விடை தேடிய முயற்சியே செவிக்கருவியின் வரலாறு.

பழைய செவிக்குழல்கள் ஒலியைத் திரட்டிக் காதுக்குள் செலுத்தின. அதற்கு மேல் அவற்றால் இயலவில்லை. இசைமேதை பீத்தோவனுக்காக மெல்ட்செல் என்பவர் செய்தளித்த குழல்களைப் போன் நகரில் இன்றும் காணலாம். பின்னர் மின்சாரம் வந்தது, வால்வுகள் வந்தன, ஒலி பன்மடங்கு பெருகிற்று. ஆயினும் முதியவரின் குறை தீரவில்லை. காரணம் யாது? முதுமையில் பெரும்பாலும் முதலிற் குன்றுவது உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே. உயிரொலிகள் வலிமையுடன் செவியை அடைகின்றன. மெல்லிய மெய்யொலிகளோ மறைந்துவிடுகின்றன. பால் என்றாரா, கால் என்றாரா என்ற மயக்கம் அங்கே பிறக்கின்றது. எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகப் பெருக்கினால் மயக்கம் தீராது, இரைச்சலே மிகும்.

அவ்வாறாயின், ஒருவருக்கு எவ்வளவு பெருக்கம் வேண்டும்? 1940களில் அமெரிக்கரான சாமுவேல் லைபார்கர் ஓர் எளிய விதியைக் கண்டார். இழப்பு 60 டெசிபெல் ஆயின், மக்கள் விரும்பும் பெருக்கம் ஏறக்குறைய அதிற் பாதியே. அக்காலத்தில், பெனிசில்வேனியாவிலிருந்த டெசன் இராணுவ மருத்துவமனையில் ரேமண்ட் கார்கார்ட் என்னும் அறிஞர், போரிற் செவிப்புலன் இழந்த வீரர்களுக்குப் பலவகைக் கருவிகளைக் கொடுத்து, அமைதியிலும் இரைச்சலிலும் சொற்களைக் கேட்கச் செய்து சோதித்தார். ஒவ்வொருவருக்கும் ஏற்றது வேறு என்பதும், கருவியோடு பயிற்சியும் வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

இதற்கு மாறான முடிவும் எழுந்தது. 1947ஆம் ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளரும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தாரும், பெரும்பாலோருக்கு ஒரே வகையான ஒலியமைப்புப் போதும் என்று உரைத்தனர். அந்த முடிவினால் ஒரு நன்மை விளைந்தது. ஒரே மாதிரியைப் பெருந்தொகையாகச் செய்யலாம் அல்லவா? 1948ஆம் ஆண்டு பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, மெட்ரெஸ்கோ என்னும் கருவி மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. மார்பில் ஒரு பெட்டி, தனியே பற்றரி, காதுவரை ஓடும் கம்பி என்று அது பாரமாகவே இருந்தது. எனினும், செல்வர்க்கே உரியதாயிருந்த செவி ஏழைக்கும் எட்டியது.

1952ஆம் ஆண்டின் இறுதியில் திரான்சிஸ்டர் செவிக்கருவியிற் புகுந்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல், செவிப்புலனற்றோருக்கு ஆசிரியராகப் பணிபுரிந்தவர். அவர் நினைவாக, அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தார் செவிக்கருவிக்குத் திரான்சிஸ்டரைப் பயன்படுத்துவோரிடம் உரிமைப் பணம் பெறவில்லை. கருவி சுருங்கியது, காதின் பின்னே ஒளிந்துகொண்டது. 1976ஆம் ஆண்டு முதல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் செவியின் இழப்புக்கேற்பப் பெருக்கத்தைக் கணிக்கும் சூத்திரங்களை வகுத்தனர். 1996ஆம் ஆண்டளவில் முழுமையான எண்ணிலக்கக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. திருகாணியைத் திருப்பிச் சீர்செய்த நிலை மாறி, ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியே அளவு குறிக்கும் வசதி பிறந்தது. கார்கார்ட் விரும்பியது கைகூடிற்று.

ஆனால் விலை? அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டில் ஒரு கருவியின் சராசரி விலை 2,363 டொலர் என 2015ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழு எடுத்துக்காட்டியது. கருவியும் பொருத்துவோரின் பணியும் ஒரே விலையிற் பிணைந்திருந்தன. இந்நிலையிலே கொஸ்ட்கோ போன்ற மலிவு விலைப் பெருங்கடைகள் முன்வந்தன. அரிசியும் எண்ணெயும் விற்கும் அதே கூடத்தின் ஒரு மூலையிற் செவியைச் சோதித்து, 2021ஆம் ஆண்டில் ஒரு சோடிக் கருவியை 1,400 டொலருக்குள் அக்கடை விற்றது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல், மிதமான இழப்புள்ள வயதுவந்தோர் மருத்துவர் சீட்டின்றியே கருவி வாங்க அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது.

விலை குறைந்தது நன்றே. எனினும், மலிவாக வாங்கிய கருவி மேசை அறைக்குள் உறங்குமாயின், அதைவிட விலை கூடிய பொருள் வேறில்லை. வாங்குவோர் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, நும் செவியின் அளவுக்கே இது அமைக்கப்பட்டதா? மெல்லிய குழாய் ஒன்றைச் செவித்துளையுள் வைத்து, செவிப்பறைக்கு அருகே சேரும் ஒலியை அளந்து பார்ப்பதே நம்பத்தக்க முறை. இரண்டாவது, மீண்டும் வந்து திருத்திக்கொள்ள வசதி உண்டா? மூன்றாவது, பொருந்தாவிடின் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தவணை?

முதல் நாட்களில் நம் குரலே நமக்கு அந்நியமாக ஒலிக்கும். பாத்திரம் வைப்பது இடி போலத் தோன்றும். நெடுங்காலம் மறந்த ஒலிகளை மூளை மீண்டும் பழகவேண்டும் அல்லவா? நாளுக்குச் சில மணி நேரமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல் நலம். எவ்விடத்தில், யாருடைய பேச்சு விளங்கவில்லை என்று குறித்து வைத்துச் சென்று சொன்னால், திருத்துபவருக்கு வழி தெரியும். திடீரென ஏற்பட்ட செவிட்டுத்தன்மை, ஒரு காதில் மட்டும் உண்டான குறை, சீழ் வடிதல் ஆகியவற்றுக்குக் கடையை நாடாது மருத்துவரையே நாடுக.

ஒரே கருவி எல்லார்க்கும் என்ற கொள்கை விலையைக் குறைத்தது. ஒவ்வொருவருக்கும் தனி அளவு என்ற கொள்கை சொல்லை விளங்கச் செய்தது. இவ்விரண்டும் இன்று ஒரே கடையிற் கிட்டுகின்றன. வாங்குபவரிடம் வேண்டுவது பொறுமை. அவர் வீட்டாரிடம் வேண்டுவது, முகம் பார்த்து நிதானமாகப் பேசும் அன்பு.