ஏழு வாரம் எங்கள் மாடியில் இருந்த குடும்பம்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபி ஆறிப்போனால் என்னைத் திட்டாதீர்கள்.

போன வாரம் நியூஜெர்சியில் இருந்து என் பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். "டீச்சர், தேனாம்பேட்டைப் பக்கம் ஆறு வாரத்துக்கு ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா? நானும் அவரும் வர்றோம். திரும்பிப் போகும்போது மூணு பேராப் போவோம்" என்றாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க அவர்களுக்கு வழி கிடைத்திருக்கிறது. "ஏன் டீச்சர் இவ்வளவு பேப்பர் கேக்கறாங்க? நாங்க என்ன திருடவா வர்றோம்?" என்று அலுத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. ஃபோனில் சொல்லி முடியவில்லை.

1989-க்குப் போக வேண்டும். எனக்கு 29 வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம். எல்லையம்மன் கோயில் தெருவை ஒட்டிய சந்தில் கீழ் போர்ஷனில் குடியிருந்தோம். அக்டோபர் மாதம், மழை ஆரம்பம். மாடி போர்ஷன் காலியாக இருந்தது. ஒருநாள் வீட்டுக்காரம்மா வந்து, "டீச்சரம்மா, மாடிக்கு வெள்ளைக்காரங்க வர்றாங்க, ரெண்டு மாசம் இருப்பாங்களாம், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வரும், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் இங்கிலீஷ் எனக்குத்தானே தெரியும்!

வந்தவர்கள் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள். கணவன், மனைவி, அவர்கள் பெற்ற ஆறு வயதுப் பையன். சென்னையில் ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியக் குழந்தைகள் அதிகம் போன நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று.

அப்போது சட்டம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்துக்கு முன்னால், சில சமூக வழக்கங்களைத் தவிர, தத்து என்றாலே ஆண் பிள்ளைதான். கொள்ளி போட ஆள் வேண்டும், சொத்துக்கு வாரிசு வேண்டும் என்பதற்காக எடுப்பது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று பொதுவாக வழிசெய்தது அந்தச் சட்டம்தான். ஆனால் அது இந்துக்களுக்கு மட்டும் (சீக்கியர், பௌத்தர், சமணரும் அதில் அடக்கம்). கிறிஸ்தவர், முஸ்லிம், வெளிநாட்டுக்காரர் யாரும் இங்கே சட்டப்படி தத்தெடுக்க முடியாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு தத்துச் சட்டம் கொண்டுவர 1972-லும் 1980-லும் மசோதா வந்தது, இரண்டும் சட்டமாகவில்லை.

அப்படியானால் வெளிநாட்டுக்காரர்கள் குழந்தையை எப்படிக் கொண்டு போனார்கள்? 1890-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, காப்பாளர் சட்டம். அதன்படி கோர்ட்டில் மனுப் போட்டு, குழந்தைக்குக் 'கார்டியன்' ஆவார்கள். ஊருக்கு எடுத்துப் போகக் கோர்ட் அனுமதி கொடுக்கும். அங்கே போய் அவர்கள் நாட்டுச் சட்டப்படி தத்து. ஆகையால் அந்தக் குழந்தை விமானம் ஏறும்போது யாருக்கும் மகள் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற, ஒரு காப்பாளர் பொறுப்பில் இருக்கிற சிறுமி, அவ்வளவுதான்.

இந்த ஓட்டை வழியாக நல்லவர்களும் வந்தார்கள், மற்றவர்களும் வந்தார்கள். 1982-ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர், வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார். குழந்தைக்கு முதலில் இந்தியாவிலேயே குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு. வருகிற தம்பதிக்கு அவர்கள் நாட்டு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று பொறுப்பேற்க வேண்டும், அவர்கள் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். இங்கே இந்தியக் குழந்தைகள் நல மன்றம் போன்ற ஒரு அமைப்பு காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். குழந்தையை வைத்துப் பராமரித்த செலவு என்று விடுதிக்காரர்கள் வாங்குவதற்குக்கூட வரம்பு வைத்தார்கள், நாளைக்கு 60 ரூபாய். குழந்தைக்கு விலை என்று ஆகிவிடக் கூடாது என்கிற பயம் அந்த எண்ணில் தெரிகிறது.

அந்தத் தீர்ப்பில் இன்னொன்று. மனு விவரத்தைப் பேப்பரில் விளம்பரம் செய்யக் கூடாது, விசாரணையும் மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றார்கள். பெற்றவர்களுக்கு, வளர்க்கப்போகிறவர்கள் யார் என்று தெரிய வேண்டாம் என்பதற்காக. அப்போது எனக்கு அது நியாயமாகப்பட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எங்கள் மாடிக்காரர்கள் வந்தது இந்தத் தீர்ப்புக்கு ஐந்து வருடம் கழித்து. கோர்ட் உத்தரவு வந்த பிறகே குழந்தை கைக்கு வந்தது. பதினான்கு மாதம், பெண். பிறகு பாஸ்போர்ட், விசா. மூன்று வாரத்தில் முடியும் என்று வந்தவர்கள் ஏழு வாரம் இருந்தார்கள். ஒரு காகிதத்தில் குழந்தையின் பெயரில் ஒரு எழுத்து தப்பு, அதைத் திருத்த அவ்வளவு நாள். அவர் தினமும் காலையில் ஒரு ஃபைலோடு ஆட்டோவில் போவார், சாயந்திரம் தொப்பலாக நனைந்து வருவார். ஊருக்குப் பேச வேண்டுமென்றால் பூத்தில் நின்று ஐ.எஸ்.டி. போட வேண்டும். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து எனக்கே வயிறு கலங்கும்.

முதல் நான்கு ராத்திரி அந்தக் குழந்தை தூங்கவில்லை. வீறிட்டு அழும் சத்தம் கீழே வரை கேட்கும். போதாததற்குப் பாராளுமன்றத் தேர்தல் நேரம், தெருமுனையில் மைக் செட். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் மாடிக்குப் போனேன். குழந்தையை மெத்தைக் கட்டிலில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாளும் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கீழே போய் என் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து வந்து, உத்திரத்துக் கொக்கியில் தூளி கட்டினேன். அவள் பதறிப்போனாள், விழுந்துவிடும் என்று. "ஒரு பத்து நிமிஷம் பாருங்கள்" என்றேன். எட்டாவது நிமிஷம் குழந்தை தூங்கிவிட்டது. கூடவே அந்த அம்மாளும் தரையிலேயே தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளி விட்டு வந்ததும் மாடியில் எனக்கு ஒரு வகுப்பு. குழந்தை சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொல்வது குழந்தைக்குப் புரியவில்லை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் வார்த்தைகள் எழுதிக் கொடுத்தேன். மம்மு, தாச்சி, ஜோஜோ, பசிக்குதா, வலிக்குதா, பயப்படாதே, இங்கே வா, அம்மா இருக்கேன். 43 வார்த்தை. தமிழிலும் எழுதி, பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்திலும் எழுதினேன். 'பயப்படாதே' அவள் வாயில் வர ஒரு வாரம் ஆயிற்று. பையனுக்கு என் உதவி தேவைப்படவில்லை. தெருப் பிள்ளைகளோடு கோலி ஆடி இரண்டே வாரத்தில் "டேய், அழுகுணி ஆட்டம் ஆடாதடா" என்று கத்த ஆரம்பித்துவிட்டான். அவனைச் சில நாள் என் ஒன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன், தலைமையாசிரியர் கண்டும் காணாமல் விட்டார். (அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், "வெள்ளை முடி" பையனை நினைவிருக்கிறதா?)

தெருவே கொண்டாடியது. பூக்காரம்மா ஒருத்தி மட்டும் குழந்தைக்கு ஒரு முழம் மல்லிகை கிள்ளி வைத்துவிட்டு, "எந்த மகராசி இதைத் தேடிக்கிட்டு இருக்காளோ" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "வேண்டாம்னு விட்டுட்டுப் போனவளை ஏன் நினைக்கிறே? இதுக்கு நல்ல காலம் பொறந்திருக்கு" என்று சொன்னேன். படித்தவள் இல்லையா, எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசிவிட்டேன்.

டிசம்பரில் அவர்கள் போனார்கள். நோட்டும் சேலையும் கூடவே போயின.

பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1990-ல் மத்திய தத்தெடுப்பு அமைப்பு, இப்போது 'காரா' என்கிறோமே, அது. 1992-ல் நம் மாநிலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம், சேலத்தில் தொடங்கியது. 1993-ல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையேயான தத்து குறித்து உலக ஒப்பந்தம், இந்தியா 2003-ல் அதை ஏற்றது. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது என்று 2005 மே மாதம்தான் நமக்குத் தெரிந்தது. வட சென்னையில் நடைபாதையிலும் குடிசைப் பகுதியிலும் 1998, 99 வாக்கில் காணாமல் போன குழந்தைகள், ஒரு தத்து நிறுவனம் மூலமாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிருந்தார்கள். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. பெற்றவள் கையெழுத்து என்று ஒன்றும் இருந்தது. அந்தத் தாய் மட்டும்தான் உண்மையானவள் இல்லை.

அந்தச் செய்தி வந்த காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பூக்காரம்மாவை நினைத்துக்கொண்டேன். அவள் அப்போது உயிரோடு இல்லை.

இது நம் ஊர் மட்டுமல்ல. இலங்கையில் 1980-களில் ஐரோப்பியத் தம்பதிகள் கடற்கரை ஓட்டல்களில் வாரக்கணக்கில் தங்கி, கோர்ட்டுக்குப் போய்வந்து குழந்தைகளை எடுத்துப் போனார்கள். அப்படிப் போனவர்கள் சுமார் 11,000 பேர் என்று சொல்லப்படுகிறது. சில வழக்குகளில் கோர்ட்டில் தாய் என்று வந்து நின்றவள் கூலிக்கு அமர்த்தப்பட்டவள். குழந்தைப் பண்ணைகள் இருந்தது உண்மை என்று 2017-ல் அந்நாட்டு அமைச்சரே டச்சுத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். 2021-ல் நெதர்லாந்து அரசு போட்ட குழுவின் அறிக்கை, கவனிக்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்றது. வெளிநாட்டுத் தத்தையே அந்த நாடு படிப்படியாக நிறுத்துகிறது. ஓட்டலில் தங்கிய அந்தத் தம்பதிகளில் பெரும்பாலோர் எங்கள் மாடிக்காரர்கள் மாதிரிதான் இருந்திருப்பார்கள், ராத்திரி கண்விழித்து அழுகிறவர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தது போதவில்லை.

2014-ல், நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, வீட்டுக்காரம்மாவின் மகன் மூலமாக விசாரித்துக்கொண்டு ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். 26 வயது. நம் தெருப் பெண் மாதிரியே முகம், வாயைத் திறந்தால் ஸ்வீடன். கையில் அந்த நாற்பது பக்க நோட்டு.

அவள் ஃபைலில் 'கைவிடப்பட்ட குழந்தை' என்று ஒரு வரி. பிறந்த தேதி குத்துமதிப்பாகப் போட்டது. வேறு ஒன்றும் இல்லை. பெற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று 1984-ல் மூடிய கதவு, குழந்தைக்கும் சேர்த்து மூடிக்கொண்டது. தன் காகிதம் பொய்யாக இருக்குமோ என்று அவளுக்குப் பயம். அவளைத் தவறான வழியில் எடுத்தார்கள் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. "நீங்கள் அப்போது ஏதாவது கேள்விப்பட்டீர்களா?" என்று கேட்டாள். நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு வேறொன்று கேட்டாள். "நான் வந்தபோது எனக்குப் பேச்சு வந்திருந்ததா?"

அது எனக்குத் தெரியும்! நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், குழந்தைகள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதுதானே என் பிழைப்பு. தண்ணியை 'ண்ணீ' என்பாய் என்றேன். யார் மாடிப்படி ஏறி வந்தாலும் 'க்கா' என்று கையை நீட்டுவாய், ஆகவே நீ இருந்த இடத்தில் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு அக்கா இருந்திருக்கிறாள். நிலாவைக் காட்டினால் 'வா வா' என்று விரலை மடக்குவாய், யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலா காட்டியிருக்கிறார்கள் என்றேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இதை எழுதுங்கள் என்றாள். தமிழில் எழுதிக் கொடுத்தேன், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்திலும்.

அதனால், நியூஜெர்சி மகளே, பேப்பர் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளாதே. இப்போது விதி மாறியிருக்கிறது. பெற்றவள் ஒப்படைத்தால் அறுபது நாள் அவள் மனம் மாறலாம். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கு இங்கே இருக்கிறவர்களுக்குச் சமமான வரிசை. 2022 செப்டம்பரில் இருந்து கோர்ட்டுக்குப் போக வேண்டாம், மாவட்ட ஆட்சியரே உத்தரவு போடுகிறார். இரண்டு வருடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தனியாக வை. உனக்காக இல்லை, அவள் பெரியவளாகி ஒருநாள் கேட்பாள். குழந்தை இருந்த இல்லத்தில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்ட ஆயாம்மாவைப் பார்த்துப் பேசு. எப்படித் தூங்குவாள், எதைக் கண்டால் பயப்படுவாள், என்ன வார்த்தை சொல்வாள் என்று அன்றைக்கே எழுதி வை, தேதி போட்டு.

நம் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் பழைய வீடு இப்போது நான்கு மாடி ஃபிளாட். தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, நந்தனம் பக்கம் ஆறு வாரத்துக்குத் தரைத்தளத்தில் சின்ன வீடு யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். தண்ணீர் வசதி முக்கியம். உத்திரத்தில் ஒரு கொக்கி இருந்தால் ரொம்ப நல்லது. இப்போது கட்டுகிறவர்கள் அதை வைப்பதே இல்லை. சேலை என்னிடம் இருக்கிறது.