பிரசோசினும் பில்ஹார்சியா கல்லீரல் நோயும்

பிரசோசின், 1970களிலிருந்து உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஆல்ஃபா-1 தடுப்பான் மருந்து. நன்னீர் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா (சிஸ்டோசோமியாசிஸ்) கல்லீரலைத் தாக்கும்போது போர்ட்டல் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிரை) ஏறும் அழுத்தத்தை இம்மருந்து குறைக்கிறது என்று ஓர் ஆய்வு தெரிவித்தது. இந்நோயை உண்டாக்கும் புழுவைக் கொல்லும் மருந்து பிரசிகுவான்டெல். பெயர்கள் நெருங்கி ஒலித்தாலும் இரண்டும் வெவ்வேறு.

சிஸ்டோசோமா மான்சோனி புழுக்கள் குடலைச் சூழ்ந்த சிரைகளில் வாழ்கின்றன. பெண்புழு நாளுக்குச் சுமார் 300 முட்டைகள் இடும். மலத்தோடு வெளியேறாதவற்றுள் பல, இரத்தத்தோடு சென்று கல்லீரலில் போர்ட்டல் சிரையின் நுண்கிளைகளில் சிக்குகின்றன. அவற்றை எதிர்த்து எழும் அழற்சி ஆண்டுக்கணக்கில் நார்த்தழும்பாக இறுகும். 1904இல் கெய்ரோவில் இதை விவரித்த சிம்மர்ஸ், அந்தத் தழும்புகளைக் களிமண் புகைக்குழாயின் தண்டுக்கு ஒப்பிட்டார். சிரோசிஸ் போலன்றி, இந்நோயில் கல்லீரல் செல்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆபத்து வேறிடத்தில்: மண்ணீரல் பெருக்கிறது, உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடித்தால் இரத்த வாந்தி உயிரையே பறிக்கலாம்.

பிரேசிலில் இதற்கு நெடுங்காலம் அறுவையே வழியாக இருந்தது. சாவோ பாவுலோ மருத்துவர் சில்வானோ ராயாவின் குழுவினர் மூன்று அறுவை முறைகளை ஒப்பிட்டபோது, மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைக்கும் பழைய முறைக்குப் பின் பலருக்கு மூளைக்குழப்பம் ஏற்பட்டது தெரிந்தது. மருந்தால் முடியுமா என்ற கேள்விக்கு இந்தப் பின்னணியில்தான் பொருள் உண்டு.

அளப்பதே ஒரு சிக்கல். சிரோசிஸில் கல்லீரல் சிரைக்குள் குழாய் செலுத்தி மறைமுகமாக அழுத்தத்தை அறிவார்கள். பில்ஹார்சியாவிலோ அடைப்பு கல்லீரல் நுண்குழாய்களுக்கு முன்னரே இருப்பதால் அந்த அளவு ஏறத்தாழ இயல்பாகவே தெரியும். போர்ட்டல் சிரையின் அழுத்தத்தையே அளந்தாக வேண்டும்.

பிரசோசின் ஆய்வின் உண்மையான சுவை, தழும்பு மருந்துக்கு உடனே இளகாது என்பதில் இருக்கிறது. அப்படியிருந்தும் அழுத்தம் இறங்கியதென்றால், அந்த உயர் அழுத்தத்தில் ஒரு பங்கு நாளச் சுவர்த் தசைகளின் இறுக்கத்தால் வந்தது என்று கொள்ள இடமுண்டு. ஆல்ஃபா-1 ஏற்பிகளைத் தடுத்தால் அத்தசைகள் தளரும். உடல் முழுதும் இரத்த அழுத்தம் தாழ்வதாலும் இவ்விளைவு ஓரளவு வந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல.

பிரசோசினின் முதல் வேளையிலேயே சிலர் மயங்கி விழுவதுண்டு. சிரோசிஸ் நோயாளிகளின் உடலில் இம்மருந்தால் உப்பும் நீரும் தேங்குகின்றன. போர்ட்டல் அழுத்தத்துக்கான மருந்தாக, பீட்டா தடுப்போடு ஓரளவு ஆல்ஃபா-1 தடுப்பும் கொண்ட கார்வெடிலோலையே 2022இல் வெளியான பவேனோ 7 மருத்துவப் பரிந்துரைகள் முன்னிறுத்தின. ஆனால் அவற்றின் ஆதாரம் பெரிதும் சிரோசிஸ் நோயாளிகளிடமிருந்து வந்தது.