டொமைன் பதிவு விவரம்

இணையத்தில் ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்பவர் தரும் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றின் தொகுப்பு. இதைப் பொதுவில் தேடிப் பார்க்க உதவும் சேவை ‘ஹூஈஸ்’.

1982இல் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தைச் சேர்ந்த கென் ஹாரன்ஸ்டீன், விக் வைட் இருவரும் இதன் நெறிமுறையை எழுதினர். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டைப் பயன்படுத்திய ஆய்வாளர்களும் ராணுவத் துறையினரும் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள ஏற்பட்ட முகவரிப் புத்தகம் அது. வணிகம் இணையத்துக்குள் நுழைந்த பின்னும் அதை யாரும் மூடவில்லை. குப்பை மின்னஞ்சல் அனுப்புவோரும், ‘உங்கள் பெயர் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று போலிக் கடிதம் எழுதுவோரும் அங்கிருந்தே முகவரிகளை அள்ளினார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு தம் முகவரியைப் போட்டு உரிமையாளரை மறைக்கும் நிறுவனங்கள் 2000களில் முளைத்தன.

இந்தியாவுக்குரிய டாட் இன் 1989இல் ஒதுக்கப்பட்டது. 2005 முதல் நிக்சி அமைப்பு அதன் பதிவகத்தை நடத்துகிறது. டாட் இன்னில் பதிலாள் முகவரிக்கு அனுமதியில்லை. மோசடிக்காரர் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் விவரங்கள் வெளிப்படையாக இருந்தபோது சுமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. சென்னைவாசியின் பெயர் கூட்டத்தில் கரைந்துவிடும். கொல்லிமலையில் மிளகும் காபியும் விற்கவோ, தங்கும் விடுதிக்கு ஆள் சேர்க்கவோ தளம் தொடங்குபவரின் பெயரும் ஊரும் தெரிந்தால் போதும். அங்குள்ள செம்மேட்டில் இறங்கி விசாரித்தே வீட்டு வாசலுக்குப் போய்விடலாம்.

திருப்பம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே தனிநபர் தரவைக் காக்கும் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்ததும், டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு தனிநபர் விவரங்களை மறைக்க வழிசெய்தது. டாட் இன்னும் அவ்வழியே போயிற்று. இன்று கொல்லிமலைக்காரரின் டாட் இன் பதிவைத் தேடினால், பெயரும் தெருவும் எண்ணும் இருக்க வேண்டிய வரிகளில் ‘தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரே திரும்பத் திரும்ப வரும். மிஞ்சுவது தமிழ்நாடு, இந்தியா.

மறைத்தது பார்வைக்குத்தான்; சேகரிப்பு குறையவில்லை. பெயரை விற்ற பதிவாளர் நிறுவனத்திடம் முழு விவரமும் இருக்கிறது. நீதிமன்றம் உத்தரவிட்டால் தர வேண்டும். அந்நிறுவனம் அதை எப்படிக் காக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் 2023இல்தான் தனிச் சட்டம் பிறந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எனப்படும் அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.