புராஸ்டேட் அறுவைக்குப் பின் மனமும் மணவாழ்வும்

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்ட ஆண்கள் சிறுநீர்க் கட்டுப்பாடு, தாம்பத்திய நெருக்கம், தன்மதிப்பு ஆகியவற்றைப் படிப்படியாக மீட்பதைப் பற்றியது இக்கட்டுரை. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பகுதிகளில் பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதில்தான்.

சுரப்பியை எடுக்கும் இவ்வறுவையை 1904-இல் பால்டிமோரில் ஹியூ ஹாம்ப்டன் யங் முறைப்படுத்தினார். பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், பிழைத்தவர்களில் அநேகமாக எல்லாருமே விறைப்புத் திறனை இழந்தனர். உயிருக்குக் கொடுக்கும் விலை என்றே மருத்துவர்களும் அதை எடுத்துக்கொண்டனர். 1981-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர் இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் விறைப்புக்குரிய நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். முதியவர் உடலில் கொழுப்பும் நாரும் மறைப்பவை, சிசுவிடம் தெளிவாகத் தெரிந்தன. அவரைக் காணச் சென்ற அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ், நரம்புகள் சுரப்பிக்கு வெளியே இருபுறமும் ஓடுவதை உடனிருந்து கண்டார். 1982-இல் அவற்றைக் காக்கும் அறுவையைச் செய்தார். பின்னர் டெட்ராய்ட்டில் ரோபோ முறையை வேரூன்றச் செய்த மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். கருவி எதுவானாலும், பலன் அறுவை செய்பவரின் கைத்தேர்ச்சியைப் பொறுத்தது.

காக்கப்பட்ட நரம்பும் உடனே விழிப்பதில்லை. சிறுநீர் வடியப் பொருத்திய குழாயை ஒன்றிரண்டு வாரத்தில் எடுப்பார்கள். கசிவு பலருக்குச் சில மாதங்களில் குறையும். விறைப்பு திரும்ப இரண்டு ஆண்டுகூட ஆகலாம், சிலருக்குத் திரும்பாது. விந்து வராது, ஆனால் உச்ச உணர்வு இருக்கும். இதையெல்லாம் அறுவைக்கு முன்பே, மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் தும்மினாலே சிறுநீர் கசியும். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. முப்பது வருடம் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர் இப்போது மாம்பலம் போகவே தயங்குகிறார். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்காருகிறார். வீட்டில் அவர் பாய் கூடத்துக்கு வந்துவிடுகிறது. ‘டியூப் இருக்கு, உனக்குத் தூக்கம் கெடும்’ என்று தொடங்கியது, குழாய் எடுத்த பின்னும் நீள்கிறது. தன்னை வெறுத்துவிட்டார் என்று மனைவி நினைக்கிறார். அவளுக்கு இதுதான் நிம்மதி என்று கணவர் நினைக்கிறார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருக்கும் இரண்டு அறை வீட்டில் பேசித் தீர்க்கத் தனியிடமும் இல்லை. மாத்திரைக்கு முன்னால் அந்தப் பாய் உள்ளே திரும்ப வேண்டும்.

‘ஆண்மை’ என்ற ஒரே சொல் வீரத்தையும் விறைப்பையும் குறிப்பது இவர்களுக்குப் பெருங்கேடு. ஓர் உறுப்பின் குறையை முழு மனிதனின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கசிவுக்குச் சொல்லித்தரும் இடுப்புத்தசைப் பயிற்சியை ஆர்னால்ட் கீகல் 1948-இல் விவரித்தது பிரசவித்த பெண்களுக்காக. சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல் இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். முன்பே பழகிய மனைவி கணவருக்குக் கற்றுத்தரலாம். நின்றுபோன பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். 1998-இல் வந்த விறைப்பு மாத்திரையான சில்டெனாஃபில் சிலருக்கு உதவும். ஆனால் நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போடுபவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். கூச்சப்பட்டு மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்குபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை வசதி உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் உளவியல் பிரிவு இயங்குகிறது. இரண்டுமே தாம்பரத்துக்கு வெளியே, நகரத்துக்குள் உள்ளன. கசிவு நிற்காதவருக்கு அந்தப் பயணம் எளிதல்ல.