பழைய ரோனைச் சுத்தின கைகள்

எலெக்ற்றிக் கிற்றார் ஒன்றின் பிக்கப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. காந்தம், ஒரு பிளாஸ்ரிக் சட்டம், அதைச் சுற்றித் தலைமயிர் அளவு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அவ்வளவுதான். தண்ணிப் பம்பின் மோட்டர் எரிந்தால் வைண்டிங் கடைக்குக் கொண்டு போவோமே, அங்கே நடக்கிற வேலையின் மெல்லிய வடிவம் எண்டு வைத்துக்கொள்ளுங்கோ.

ஆனால் இந்தச் சின்னச் சாமானுக்கு இன்றைக்கு ஒரு விசித்திரமான சந்தை இருக்கிறது. 1959 ஆம் ஆண்டுக் கிற்றாரின் சத்தம் வேண்டும் என்று சொல்லி, தனியாகப் பிக்கப் சுற்றுகிறவர்களிடம் ஆட்கள் ஓடர் கொடுக்கிறார்கள். எத்தனை சுற்று, எந்த வகைக் காந்தம், கம்பிக்கு எந்தப் பூச்சு, மூடி எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதைக் கிற்றார்ப் பைத்தியங்களின் பொழுதுபோக்கு எண்டு விட்டுவிடலாம். ஆனால் வரலாறு படிக்கிற ஆளுக்கு இதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. நாங்கள் "பழைய ரோன்" என்று சொல்லுறது உண்மையில் யாருடைய வேலை?

கம்பியும் காந்தமும்

அடிப்படை பழையது. காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் மின் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831 இல் காட்டினார். ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1931 இல், அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம்ப் என்ற வாத்தியக்காரர் அதைக் கிற்றாருக்குக் கொண்டு வந்தார். உருக்குத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிர்கிறது, புலம் ஆடுகிறது, சுருளில் சின்ன மின் அலை பிறக்கிறது, அம்பிளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. அடொல்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அவர் செய்த அந்தக் கிற்றார் 1932 இல் விற்பனைக்கு வந்தது. அதன் உருவத்தைப் பார்த்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் "பொரிக்கும் சட்டி".

தேவை எங்கேயிருந்து வந்தது என்பதும் முக்கியம். அந்தக் காலத்து ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெற்றும் சக்ஸஃபோனும் டிரம்மும் சேர்ந்து அடித்தால் கிற்றார் யாருக்கும் கேட்காது. 1936 இல் கிப்சன் நிறுவனம் இஎஸ் 150 என்ற எலெக்ற்றிக் கிற்றாரை வெளியிட்டது. சார்லி கிறிஸ்ரியன் அதை வாசித்த பிறகுதான் கிற்றாரும் தனியாக முன்னுக்கு வந்து பேசலாம் என்பது பலருக்குப் புரிந்தது.

ஒரு தொந்தரவு மட்டும் போகவில்லை. கம்பிச் சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் பிடிக்காது, சுற்றியிருக்கும் கரண்ட் வயர், லைற் எல்லாவற்றின் இரைச்சலையும் பிடிக்கும். அமெரிக்காவில் அது 60 ஹேர்ட்ஸ் இரைச்சல், எங்கட நாட்டில் 50 ஹேர்ட்ஸ். அம்பைப் போட்டதும் "ம்ம்ம்" எண்டு ஒரு சத்தம் வருமே, அதுதான்.

ஒரு ஸ்ரிக்கரின் கதை

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் சேத் லவர் என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு. இரண்டுக்கும் காந்தத் துருவம் எதிரெதிர், மின் போகிற திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும், தந்தியின் சத்தம் மட்டும் கூடிச் சேரும். இதைத்தான் ஹம்பக்கர் என்கிறோம். 1955 ஜூனில் பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார்கள். 1957 இல் இருந்து கிற்றார்களில் இது வந்தது. கொஞ்ச நாளில் பிக்கப்பின் அடியில் ஒரு சின்னக் கறுப்பு ஸ்ரிக்கரும் வந்தது. அதில் "பேட்டண்டுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் இன்றைக்கும் அந்தப் பிக்கப்பைப் "பி.ஏ.எஃப்." என்று அழைக்கிறார்கள்.

பேட்டண்ட் 1959 ஜூலை 28 இல் கிடைத்துவிட்டது. ஆனாலும் பழைய ஸ்ரிக்கர் ஏறக்குறைய 1962 வரை ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஸ்ரிக்கரில் ஒரு பேட்டண்ட் இலக்கம் இருந்தது: 2,737,842. அது பிக்கப்பின் இலக்கமே இல்லை. லெஸ் போல் என்ற கிற்றார்க் கலைஞர் தந்திகளைக் கட்டுகிற பாகம் ஒன்றுக்காகப் பெற்ற பேட்டண்டின் இலக்கம்! போட்டிக் கொம்பனிகளைக் குழப்பச் செய்தது என்பார்கள் சிலர், வெறும் பிழை என்பார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும், ஒரு பொருளில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

இந்தப் பிக்கப் பூட்டிய கிற்றார்களில் இன்றைக்கு மிகப் பேர் பெற்றது, 1958 தொடக்கம் 1960 வரை செய்யப்பட்ட சன்பேர்ஸ்ற் நிற லெஸ் போல். அது வந்த காலத்தில் நன்றாக விற்கவில்லை. மொத்தமாகச் செய்தது இரண்டாயிரத்தைத் தாண்டாது. கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. பிறகு பழைய சாமானாகக் கை மாறி இங்கிலாந்துப் பெடியளிடம் போய்ச் சேர்ந்தது. 1966 இல் ஜோன் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவின் அல்பத்தில் எரிக் கிளப்ரன் ஒரு லெஸ் போலை மார்ஷல் அம்போடு சேர்த்து உரக்க வாசித்தார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எல்லோரும் அதைத் தேடத் தொடங்கினார்கள். ஆக, "பொற்காலம்" அந்தக் காலத்திலேயே பொற்காலமாக இருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கொடுத்த பட்டம் அது.

ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி?

தேடத் தொடங்கியவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரே வருடத்து இரண்டு கிற்றார்கள் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. ஒன்று இனிமை, மற்றது கரகரப்பு. காரணம் தொழிற்சாலைக்குள் இருந்தது.

கலமசூவில் லீசோனா போன்ற சுற்றும் மெசின்களில் வேலை நடந்தது. ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 5000 சுற்று. ஆனால் சரியான இலக்கத்தில் தானாக நிற்கிற ஏற்பாடு தொடக்கத்தில் ஒழுங்காக இல்லை. சட்டம் நிறைந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து மெசினை நிறுத்துவார்கள். அதனால் ஒரு பிக்கப்பின் மின்தடை 7 கிலோ ஓம், அடுத்தது 9 கிலோ ஓம். ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்களிலும்கூடச் சுற்று ஒரே அளவாக இருக்காது. அப்படி இருந்தால் இரைச்சல் முழுவதும் அழியாது, ஆனால் சத்தத்துக்கு ஒரு தெளிவு வரும். காந்தமும் அப்படித்தான். அலுமினியம், நிக்கல், கோபால்ற் சேர்த்த அல்னிக்கோ காந்தத்தில் எந்தத் தரம் கையில் கிடைத்ததோ அதைப் போட்டார்கள். 1959 அளவில் கறுப்புச் சட்டம் தட்டுப்பட, கிறீம் நிறச் சட்டத்தில் சுற்றினார்கள். இன்றைக்கு அந்தக் கிறீம் நிறத்துக்குத் தனி விலை.

கலிஃபோர்னியாவின் ஃபுலர்ற்றனில் ஃபெண்டர் தொழிற்சாலை வேறு முறையில் நடந்தது. 1954 இல் வந்த ஸ்ராற்றோகாஸ்ரரின் பிக்கப்பில் ஒரே சுருள், ஏறக்குறைய 8000 சுற்று. மோட்டர் சட்டத்தைச் சுழற்றும். கம்பியை விரலால் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துவது ஆளின் வேலை. கை நகர்த்தினால் கம்பி ஒழுங்கான வரிசையில் படியாது, கொஞ்சம் சிதறிப் படியும். சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி விழும். அதனால் சுருளின் கொள்ளளவம் குறைந்து, கீச்சென்ற உயர் ஒலிகள் கூடுதலாக வெளியே வரும். நாங்கள் "மணி மாதிரிக் கேட்குது" எண்டு புகழுற சத்தத்தில் ஒரு பங்கு இந்த விரல் நகர்வுதான்.

அந்த விரல்கள்

கிற்றார் வரலாற்றைத் தேடினால் லியோ ஃபெண்டர், லெஸ் போல், சேத் லவர் என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஆனால் ஃபெண்டரில் பிக்கப் சுற்றும் மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் மெக்சிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த தொழிலாளிகள் பலர். அபிகைல் இபாரா 1956 இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அறுபதுகளில் பிக்கப்பின் அடித்தகட்டில் சுற்றியவரின் முதலெழுத்தையும் திகதியையும் எழுதுகிற வழக்கம் வந்தது. யாருடைய பிக்கப்பில் கோளாறு எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு அது உதவும். புகழுக்காக எழுதினதில்லை.

அந்தச் சின்ன எழுத்துகள்தான் பின்னால் ஆவணமாக மாறின. பழைய கிற்றாரைத் திறந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள், "இது யார்?" என்று கேட்டார்கள். 1965 இல் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. காலப்போக்கில் மெசின் வேலை கூடியது. ஆனால் இபாரா போகவில்லை. பிற்காலத்தில் ஃபெண்டரின் கஸ்ரம் ஷொப்பில், பழைய முறையில் சுற்றி, தன் பெயரை எழுதிக் கொடுக்கிறவராக இருந்தார். அவர் கையால் சுற்றியது வேண்டும் என்று ஓடர்கள் வரிசை கட்டின. 2013 இல் ஓய்வு பெற்றார். அவரிடம் பழகிய ஹொசெஃபினா கம்போஸ் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

கலமசூப் பிக்கப்பின் ஸ்ரிக்கரில் இப்படி எந்தப் பெயரும் இல்லை. ஒரு தொழிற்சாலையில் கோளாறு பார்க்கிறதுக்கு முதலெழுத்து எழுதச் சொன்னதால் ஒருவரின் பெயர் வரலாற்றில் நின்றது. மற்றதில் சுற்றியவர்கள் "பி.ஏ.எஃப். ரோன்" என்ற சொல்லுக்குள் கரைந்து போனார்கள். வரலாறு யாரை வைத்திருக்கும் என்பது சில நேரம் இவ்வளவு சின்ன விசயத்தில் தங்கியிருக்கிறது.

பிழைக்கு ஓடர் கொடுப்பது

1972 இல் லரி டிமார்சியோ, தனியாக வாங்கிப் பூட்டக்கூடிய "சூப்பர் டிஸ்ரோர்சன்" பிக்கப்பைக் கொண்டு வந்தார். அப்போது ஆட்களுக்கு வேண்டியது பழமை இல்லை, கூடிய பலம். பழுதான பிக்கப்களைத் திரும்பச் சுற்றிக் கொடுத்துப் பழகிய சீமூர் டங்கன் 1976 இல் தன் கொம்பனியைத் தொடங்கினார். கலமசூத் தொழிற்சாலை 1984 இல் மூடப்பட்ட பிறகு, அங்கே ஓடிய பழைய லீசோனா மெசின் ஒன்று அவர் கைக்கு வந்தது. 1994 இல் சேத் லவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய பெயரிலேயே ஒரு ஹம்பக்கரை வெளியிட்டார். லவர் 1997 இல் காலமானார். ஒரு வாய்மொழி வரலாற்றுப் பேட்டிக்குப் பதிலாக அங்கே ஒரு பிக்கப் உருவானது என்றுகூடச் சொல்லலாம்.

இன்றைய ஓடர் படிவத்தை இந்தப் பின்னணியோடு வாசித்துப் பாருங்கோ. "இரண்டு சுருளும் சமனாக இருக்கக்கூடாது" என்றால், நிறுத்தி மெசின் இல்லாத காலம். "அல்னிக்கோ 2 அல்லது 4" என்றால், அன்றைக்கு ஸ்ரோரில் இருந்த காந்தம். "மெழுகில் தோய்க்க வேண்டாம்" என்றால், கலமசூவில் தோய்க்காமல் விட்ட ஒரு வேலை. "காந்தத்தைக் கொஞ்சம் பலவீனமாக்கித் தரவும்" என்றால், அறுபது வருட முதுமையைக் கடனாகக் கேட்கிறோம்.

இதில் உச்சம் பீற்றர் கிறீனின் கிற்றார். ஃபிளீற்வுட் மக் குழுவில் அவர் வாசித்த 1959 லெஸ் போலில் ஒரு பிக்கப்பின் காந்தம் மாறிப் பூட்டப்பட்டிருந்தது. இரண்டு பிக்கப்பையும் ஒன்றாகப் போட்டால் மூக்கால் அழுவது போல ஒரு சத்தம். அந்தக் கிற்றார் பிறகு கரி மூரிடம் போய், 2014 இல் மெற்றாலிக்காவின் கேர்க் ஹமற்றிடம் வந்தது. இன்றைக்குக் காந்தத்தை வேண்டுமென்றே மாறிப் பூட்டின பிக்கப் சோடிகளைக் காசு கொடுத்து வாங்கலாம்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்தச் சத்தங்கள் உண்மையிலேயே அழகு. ஆனால் படிவத்தால் கொண்டு வர முடியாதவையும் இருக்கின்றன. 1966 அல்பத்தில் நாங்கள் கேட்பது பிக்கப்பை மட்டுமில்லை. மார்ஷல் அம்ப், ஸ்பீக்கர், மைக், அறை, கிளப்ரனின் விரல் எல்லாம் சேர்ந்ததுதான் அது. பிக்கப்பை மட்டும் மாற்றிவிட்டு "ஏன் வரயில்லை?" எண்டு கவலைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்தத் தொழிலாளிகள் "விண்ரேஜ் ரோன்" செய்ய உட்காரவில்லை. அவர்கள் அன்றைய பொழுதின் வேலையை முடித்தார்கள். நாங்கள் மர்மம் என்று சொல்லுறது அவர்களுக்குப் பழகிப்போன கைவேலை.

ஆகவே அடுத்த முறை யாராவது "59 ரோன்" பற்றிப் பேசினால், அது எந்த மெசின், எந்தக் காந்தம் என்று கேட்பதோடு நிறுத்தாதையுங்கோ. யார் சுத்தினது எண்டும் கேளுங்கோ. ஃபுலர்ற்றனில் செய்த பழைய பிக்கப் ஒன்று எப்போதாவது கையில் கிடைத்தால், திருப்பி அடித்தகட்டைப் பாருங்கோ. அங்கே மங்கிய மையில் இரண்டு எழுத்தும் ஒரு திகதியும் இருக்கக்கூடும்.